பீரங்கி வைத்திருந்த ஆயர்கள், உலை வைத்திருந்த மெட்ராஸ்: பழவேற்காடு முதல் மின்ட் வரை ஒரு வெள்ளிக்காசுப் பயணம்

ஒரு பக்கம், குழந்தை ஏசுவைக் கையில் ஏந்திய மாதா. காசைத் திருப்பினால் ஒரு துறவி. ஒரு கையில் ஆயர்கள் பிடிக்கும் வளைந்த கோல். இன்னொரு கையில் சின்னதாக ஒரு மரப்பீப்பாய். உள்ளே இருப்பது திராட்சை ரசம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அது உப்பு.

சால்ஸ்பர்க் நகரின் பேராயராக 1619 முதல் 1653 வரை இருந்த பாரிஸ் லோட்ரோன் அடித்த வெள்ளித் தாலர் அது. நம் பத்து ரூபாய் நாணயத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம். எடை, கிட்டத்தட்ட நான்கு பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்துக் கையில் வைத்த மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட காசுகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்தப் பைத்தியம் என்னவென்று புரிந்துகொள்ள ஆஸ்திரியாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து மெதுவாக மின்ட் வரை திரும்பி வந்தால் போதும்.

காரணம் எளிது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் வெள்ளி பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய கரைகளில் இதுவும் ஒன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், மெட்ராஸில் ஆங்கிலேயர்கள். வெள்ளி உள்ளே வந்தது, துணி வெளியே போனது. வந்த வெள்ளிக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தப் பயணத்தின் கதை.

கோயிலும் கோட்டையும் ஒரே கையில்

முதலில் இந்த ஆயர்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் பிஷப். தமிழ்க் கத்தோலிக்கர்கள் வாயில் ஆயர். இன்றைக்கு ஓர் ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தேவாலயங்களையும் பள்ளிகளையும் கவனிப்பவர். அன்றைய ஜெர்மன் பேசும் பகுதிகளில் கதை வேறு. அவை ஒரே நாடாக இல்லை. புனித ரோமானியப் பேரரசு என்ற பெரிய கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான குட்டி நாடுகள். அவற்றில் பலவற்றுக்கு ராஜாவே ஆயர்தான். சால்ஸ்பர்க், மியூன்ஸ்டர், வூர்ட்ஸ்பர்க், பாம்பர்க், லியேஜ், ட்ரையர், கொலோன் எல்லாம் அப்படிப்பட்ட ஊர்கள்.

நம் ஊரில் ஓர் ஆதீனகர்த்தர் காலையில் பூஜையை முடித்துவிட்டு, பத்து மணிக்கு வரி வசூல் கணக்கு பார்த்து, மதியம் கொலை வழக்கில் தீர்ப்பு சொல்லி, சாயங்காலம் பக்கத்து மாவட்டத்தின்மேல் படை அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நாடு இருந்தால் காசு அடிக்கலாம். அடித்தார்கள். ஒரு பக்கம் ஊரின் காவல் புனிதர், மறுபக்கம் ஆயரின் முகம் அல்லது குலச்சின்னம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆயருக்குக் கல்யாணம் கிடையாது, எனவே சட்டப்படி வாரிசும் கிடையாது. அவர் இறந்தால் பேராலயத்தின் குருக்கள் குழு கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த இடைவெளியில் நாற்காலி காலி. காலி நாற்காலியின் பெயரிலும் அந்தக் குழு காசு அடித்தது! ராஜா இல்லாத ராஜ்ஜியத்தின் காசு. இவற்றை மட்டுமே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

தாலர் என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இன்றைய செக் நாட்டில் உள்ள யோவாகிம்ஸ்டால் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடிக்கப்பட்ட பெரிய வெள்ளிக்காசுக்கு 'யோவாகிம்ஸ்டாலர்' என்று பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயர் சுருங்கித் தாலர் ஆனது. கடல் தாண்டிப் போய் டாலர் ஆனது. 1803-ல் நெப்போலியன் காலத்துக் குழப்பங்களில் ஆயர்களின் ஆட்சி உரிமை பறிக்கப்பட்டது. அத்தோடு அவர்களின் காசும் நின்றது.

பழவேற்காட்டில் எதிரியின் கல்லறை

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஏரி, பூநாரை, இறால், படகுச்சவாரி என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரும் ஊர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தது. சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுதான். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை இங்கிருந்துதான் எல்லாம் நடந்தது. இங்கே நாணயமும் அடித்தார்கள். கோட்டை இன்று மண்மேடும் புதருமாகக் கிடக்கிறது. உருப்படியாக நிற்பது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் முதலில் பயந்து, பிறகு அதே வாசலில் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆயர் காசுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு? மியூன்ஸ்டர் நகரின் ஆயர் கிறிஸ்டோஃப் பெர்ன்ஹார்ட் ஃபான் காலென் என்ற மனிதரைத் தெரிந்துகொண்டால் புரியும். ஜெபத்தைவிட பீரங்கியை அதிகம் நம்பியவர். சொந்த ஊர் மக்களே தன் அதிகாரத்துக்கு அடங்கவில்லை என்று மியூன்ஸ்டர் நகரை முற்றுகையிட்டு 1661-ல் பிடித்தார். அந்த வெற்றிக்காக நகரத்தின் தோற்றத்தைப் பொறித்துத் தாலர் அடித்தார். தன் ஊரைத் தானே தோற்கடித்ததற்கு ஒரு நினைவு நாணயம்! கூரைகளும் கோபுரங்களுமாக அந்தக் காசில் ஒரு முழு நகரமே இருக்கிறது. சேகரிப்பாளர்கள் மத்தியில் இதற்குத் தனி மவுசு.

அதே ஆயர் 1672-ல் பிரான்ஸுடன் சேர்ந்து டச்சு நாட்டின்மேல் படையெடுத்தார். க்ரோனிங்கன் என்ற ஊரைச் சுற்றி வளைத்துக் குண்டு மழை பொழிந்தார். டச்சுக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வெடிகுண்டு பெர்ன்ட்'. ஊர் விழவில்லை. ஆகஸ்ட் 28 அன்று முற்றுகை விலகியது. அந்த நாளை க்ரோனிங்கன் இன்றும் கொண்டாடுகிறது. லியேஜின் ஆயரும் கொலோனின் பேராயருமாக இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மாக்ஸிமிலியன் ஹென்றியும் அந்தப் போரில் பிரான்ஸ் பக்கம்தான். அவருடைய முகம் பதித்த லியேஜ் வெள்ளிக்காசுகளும் சேகரிப்பாளர்களின் பட்டியலில் உண்டு.

இப்போது சென்னைக்கு வாருங்கள். அதே 1672 ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படை சாந்தோமைப் பிடித்தது. ஐரோப்பாவில் இருவருக்கும் போர் என்றால் இங்கே மட்டும் சும்மா இருப்பார்களா? பழவேற்காட்டைத் தளமாகக் கொண்டிருந்த டச்சுக்காரர்கள் கோல்கொண்டா படையுடன் சேர்ந்து சாந்தோமை நெருக்கினார்கள். 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். மியூன்ஸ்டர் ஆயரின் பீரங்கிகள் முழங்கிய அதே போரின் இன்னொரு முனை மயிலாப்பூர்க் கடற்கரையில் இருந்தது. நடுவில் பட்டினி கிடந்தவர்கள் சாந்தோம்வாசிகள். இது தெரிந்த பிறகு அந்த நூற்றாண்டின் ஆயர் காசு ஒன்றைப் பார்த்தால், யாரோ அயல்நாட்டுக்காரரின் காசாக அது தெரிவதில்லை.

கம்பெனி கப்பல்களின் வெள்ளி ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. அது இங்கே துணி வாங்கியது. மனிதர்களையும் வாங்கியது. 1620-களில் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குக் கல் இல்லை.

எண்ணூர் உப்பும் சால்ஸ்பர்க் உப்பும்

திரும்பும் ரயில் மீஞ்சூர் தாண்டி அத்திப்பட்டு வருகிறது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கண்டெய்னர் லாரிகளின் வரிசை. சாம்பல் படிந்த நீர்நிலைகள். நடுநடுவே, இன்னும் மிச்சமிருக்கும் உப்பளப் பாத்திகள். அந்தத் துறவியின் கையில் இருந்த பீப்பாய் ஞாபகம் இருக்கிறதா?

சால்ஸ்பர்க் என்ற பெயருக்கே உப்புக்கோட்டை என்றுதான் பொருள். பீப்பாய் ஏந்தியவர் அந்த ஊரின் காவல் புனிதர் ரூபர்ட். பக்கத்து மலைகளில் வெட்டிய உப்பை ஆற்றுவழியாக விற்றுத்தான் பேராயர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். அங்கே கடல் கிடையாது, மலைக்குள் உப்பு. இங்கே மலை கிடையாது, கடலில் உப்பு. ஆனால் கஜானாவின் கணக்கு ஒன்றுதான். மெட்ராஸ் மாகாணத்தில் 1805-ல் உப்பு வியாபாரத்தைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வந்தது. அப்போது கொக்ரேன் கால்வாய், பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாய். எண்ணூர்ப் பக்கத்து உப்பு படகுகளில் அந்த வழியாக நகரத்துக்குப் போனது. சென்ட்ரல் பக்கத்தில் ரயில்வே யார்டுக்கு 'சால்ட் கொட்டார்ஸ்' என்று இன்றும் பெயர் இருப்பது, உப்பைக் குவித்து வைத்த கொட்டாரம் அங்கே இருந்ததால்தான்.

உப்பால் உயர்ந்தவர்கள் உப்பால் விழுந்ததும் உண்டு. 1587-ல் சால்ஸ்பர்க் பேராயரானவர் வுல்ஃப் டீட்ரிக். ஊரையே இடித்துப் புதிதாகக் கட்ட ஆசைப்பட்டவர். சலோமே ஆல்ட் என்ற பெண்ணுடன் வெளிப்படையாகவே குடும்பம் நடத்தினார். ஒரு டஜனுக்கு மேல் குழந்தைகள். அவருக்காகக் கட்டிய மாளிகை பிற்காலத்தில் மிராபெல் என்று பெயர் பெற்று இன்று சுற்றுலாத்தலமாக இருக்கிறது. 1611-ல் உப்புத் தகராறில் பவேரியாவுடன் மோதினார், தோற்றார், பிடிபட்டார். 1617-ல் சாகும் வரை தன் நகரத்துக் கோட்டையிலேயே கைதி. சிறை வைத்தது அடுத்து பேராயரான சொந்த உறவினர்! அவர் ஆட்சிக்காலத்துத் தாலர் ஒன்றில் கொந்தளிக்கும் கடல் நடுவே ஒரு கோபுரம். நாலாபக்கமும் காற்று வீசுகிறது, கோபுரம் அசையவில்லை. அடிக்கும்போது அது பெருமிதம். முடிவு தெரிந்த நமக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இசை ரசிகர்களுக்கு இன்னொரு சால்ஸ்பர்க் காசு பிடிக்கும். கடைசி ஆட்சிப் பேராயர் ஹியரோனிமஸ் கொலரெடோவின் முகம் பதித்தது. மொஸார்ட்டுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி அவர்தான். இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1781-ல் பேராயரின் அதிகாரி ஒருவர் மொஸார்ட்டை உதைத்து வெளியேற்றியதாக மொஸார்ட்டே தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காசைக் கையில் வைத்திருக்கும் இசைப்பிரியர் யார் பக்கம் என்று சொல்லவா வேண்டும்?

எல்லாக் கதையும் சிரிப்பதற்கில்லை. பாம்பர்க், வூர்ட்ஸ்பர்க் ஆயர் நாடுகளில் 1620-களின் கடைசியில் நூற்றுக்கணக்கானவர்களைச் சூனியக்காரர்கள் என்று சொல்லிக் கொன்றார்கள். அந்த ஆண்டுகளின் காசும் சந்தைக்கு வருகிறது. வாங்குபவர்கள் ஆண்டைப் பார்த்து வாங்குவது நல்லது, விலைக்காக மட்டுமல்ல.

தயவுசெய்து புளி போடாதீர்கள்

எண்ணூர், மணலிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் சீக்கிரம் கறுக்கும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான மேல்படலமாகும். கடற்காற்றின் ஈரம் அதற்கு ஒத்தாசை. வடசென்னையில் பழைய வெள்ளிக்காசு வைத்திருப்பவர்களின் முதல் எதிரி திருடன்கூட இல்லை, காற்றுதான்.

இரண்டாவது எதிரி, சொல்லச் சங்கடமாக இருக்கிறது, நம் வீட்டுப் பெரியவர்களின் சுத்தம். வெள்ளி கறுத்தால் புளி, விபூதி, பல்பொடி என்று ஏதாவது ஒன்றைப் போட்டுத் தேய்ப்பது நம் பழக்கம். விளக்குக்கு அது சரி. நானூறு வருடக் காசுக்கு அது மரணம். தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் முகத்தின் மூக்கும் எழுத்தின் விளிம்பும் போய்விடும். மெல்லிய கீறல்கள் வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். விலை பாதிக்கும் கீழே. இயற்கையாக ஏறிய சாம்பல் நிறத்தையும் அதில் ஓரமாகத் தெரியும் நீலம், செம்பு வண்ணச் சாயலையும்தான் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

பிளாஸ்டிக் ஆல்பத்திலும் கவனம் தேவை. பி.வி.சி. உறைகள் நாளாக ஆகக் கசிந்து காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுப்பை உண்டாக்கும். அமிலம் இல்லாத காகித உறை, இறுக்கமான டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். இவ்வளவுதான் செலவு. காசை விரல்நுனியால் விளிம்பில் மட்டும் பிடிப்பது செலவே இல்லாத பாதுகாப்பு.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சில் உலோகத்தை ஊற்றி வார்த்த போலிகளில் எழுத்து மழுங்கி, பரப்பு சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். விளிம்பில் வார்ப்புக்கோடு தெரியலாம். எடை பொய் சொல்லாது. 1566-ல் பேரரசு வகுத்த கணக்குப்படி தாலர் 29 கிராமுக்குச் சற்று மேல். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த புது கணக்குப்படி 28 கிராம். காசு 22 கிராம் காட்டினால் விற்பவருக்கு ஒரு வணக்கம் போட்டு நகர்ந்துவிடலாம். விளிம்பின் உச்சியில் சின்னதாகப் பற்றவைத்த தழும்பு இருந்தால், அந்தக் காசு யாரோ ஒருவர் கழுத்தில் பதக்கமாகத் தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். விலை குறையும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இத்தகைய தழும்புக் காசுகள்தான் கைக்கு எட்டும் வழி.

திருவொற்றியூரில் கழஞ்சு

விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூருக்குப் போவது எளிதாகிவிட்டது. தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த கோயில் இது. கோயிலில் நந்தா விளக்கு எரிய யாரோ ஒருவர் இத்தனை கழஞ்சு பொன் கொடுப்பார். அதை ஊர்ச்சபை பெற்றுக்கொண்டு வட்டியிலிருந்து எண்ணெய் அளக்கும். முதல் அப்படியே இருக்கும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கழஞ்சு என்பது எடை. பொன்னின் மேல் யார் முகம் என்பது பேச்சே இல்லை.

சால்ஸ்பர்க்கில் புனிதரின் பெயரால் ஆயர் காசு அடித்தார். இங்கே சுவாமியின் பெயரால் பொன் முதலீடு ஆனது. நம்பிக்கைக்கு ஒரு சாமி சாட்சி வேண்டும் என்பது இரு ஊரிலும் பொது. இந்த ஊரின் கடலோரத்தில்தான் பட்டினத்தாரின் சமாதியும் இருக்கிறது. கப்பல் வணிகத்தில் குவித்த செல்வத்தை ஓர் ஊசியால் உதறிப் போனவர் என்று சொல்லப்படுபவர். அந்தக் கதை தெரிந்த நாணயச் சேகரிப்பாளர்கள் இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் நெளிவார்கள்.

திருவொற்றியூரை அடுத்து வ.உ.சி. நகர் ஸ்டேஷன். டச்சுக் கம்பெனியின் சுருக்கப்பெயரும் வி.ஓ.சி.தான்! தங்கள் காசிலெல்லாம் அந்த மூன்றெழுத்தைப் பின்னி முத்திரையாக வைத்தார்கள். கப்பல் ஓட்டிய நம் வ.உ.சி. பிற்பாடு மோதியது வேறொரு வெள்ளைக்காரக் கம்பெனியோடு. எழுத்துகளின் தற்செயல்தான், ஆனாலும் இந்தத் தடத்தில் அதைக் கடக்கும்போது சிரிப்பு வருகிறது.

ராயப்பர் ஊரும் ராயப்பர் காசும்

ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம், இன்றும் நிற்கும் பழைய தூண்கள். இந்தக் கதைக்கு ஸ்டேஷனைவிட ஊரின் பெயர் முக்கியம். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். ராயப்பர் ஊர் ராயபுரம் ஆனது என்பது இங்கே வழங்கும் பெயர்க்காரணம். படகோட்டி மக்கள் கட்டிய புனித ராயப்பர் ஆலயம் இங்கே இருக்கிறது. மீன்பிடிப்பவராக இருந்தவர் பேதுரு. அவரைப் படகுக்காரர்கள் தங்கள் புனிதராக வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

ஜெர்மனியின் ட்ரையர் பேராயர் நாட்டுக்கும் அவரே காவல் புனிதர். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு சின்ன வெள்ளிக்காசு. கையில் சாவியுடன் பேதுருவின் மார்பளவு உருவம். மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பீட்டர்மென்ஷென்'. குட்டி பேதுரு என்று பொருள். தமிழில் சொன்னால் குட்டி ராயப்பர். பெரிய தாலர்கள் ரூபாயில் ஐந்து இலக்கத்தில் விற்கும்போது, தேய்ந்த குட்டி ராயப்பர் சில ஆயிரங்களில் கிடைத்துவிடும். ராயபுரத்துக்காரர் யாராவது ஆயர் காசு சேர்க்கத் தொடங்கினால் முதல் காசு எது என்பதில் குழப்பமே வேண்டாம்.

ராயபுரத்து மக்களின் முன்னோர் வெள்ளியைக் கையால் தொட்டவர்கள். மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலா படகு ஒன்றே வழி. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. மணலில் மோதினால் வளையும், உடையாது. ஆளும் சரக்கும் கடிதமும் வெள்ளிப் பெட்டியும் அதில்தான் வந்தாக வேண்டும். அந்தப் படகோட்டிகள் கோட்டைக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களை ராயபுரத்துக்கு நகர்த்தினார்கள். துறைமுகக் கட்டுமானம் 1870-களில் தொடங்கி, 1881 புயலில் நொறுங்கி, மறுபடி எழுந்தது. படகுகளுக்கு வேலை போனது. இன்று காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஏலம் போகும் வஞ்சிரத்துக்கு நடுவே, இந்தக் கரை ஒரு காலத்தில் நாட்டின் பணத்தையே சுமந்து இறக்கியது என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

மின்ட்: முகங்கள் உருகிய தெரு

கடைசி நிறுத்தம், பஸ் போர்டுகளில் வள்ளலார் நகர், கண்டக்டர் வாயில் 'மின்ட்'. தங்கசாலைத் தெரு. நாணயம் அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, தங்கசாலை என்று தமிழில் அழகான சொற்கள் இருக்கின்றன. கம்பெனி முதலில் கோட்டைக்குள் நாணயச்சாலை வைத்திருந்தது. 1742-ல் சிந்தாதிரிப்பேட்டையில் ஒன்று வந்தது. 1840-களின் தொடக்கத்தில் இந்தத் தெருவின் வடகோடியில் இருந்த பழைய வெடிமருந்து ஆலைக்கு மாறியது. 1869-ல் மூடப்பட்டது. அந்த வளாகத்தில் பிறகு அரசு அச்சகம் வந்தது. காசு அச்சடித்த இடத்தில் காகிதம் அச்சடித்தார்கள்.

கப்பலில் வந்த வெள்ளியில் பெரும்பகுதி மெக்ஸிகோவிலும் பெருவிலும் அடித்த ஸ்பானிய ரியால்கள். ஆனால் ராஜா யார், எந்த ஊர் என்பது இங்கே யாருக்கும் பொருட்டில்லை. சராப்பு உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பார். தராசில் எடை பார்ப்பார். பிறகு உலை. ஸ்பெயின் ராஜாவின் முகம் உருகி, டெல்லி பாதுஷாவின் பெயரோடு ஆற்காட்டு ரூபாயாக வெளியே வரும். தங்கமானால் பெருமாள் உருவத்தோடு வராகன். கிறிஸ்தவர்கள் நடத்திய கம்பெனி பெருமாளைக் காசில் அடித்ததற்குப் பக்தி காரணமில்லை. இந்தக் கரையின் செட்டியாரும் நெசவாளரும் அந்த உருவத்தைத்தான் வாங்கிக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். சால்ஸ்பர்க் சந்தையில் ரூபர்ட்டுக்கு இருந்த மதிப்பு மெட்ராஸ் சந்தையில் கிடையாது. கடல் தாண்டினால் புனிதரும் ராஜாவும் வெறும் எடைதான்.

ஐரோப்பாவிலும் இதே கதை நடந்தது. பழைய தாலர்களை உருக்கிப் புதுக்காசு அடித்தார்கள். இன்று ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு ஆயர் காசும் ஏதோ ஒரு உலையிலிருந்து தப்பித்து, பானையிலோ சுவரிலோ பெட்டியிலோ ஒளிந்திருந்ததுதான்.

அந்த உலை இன்னும் அணையவில்லை. தங்கசாலைத் தெருவை ஒட்டிய சௌகார்பேட்டைச் சந்துகளில் பழைய கொலுசும் நெளிந்த தட்டும் எடைக்கு வந்து உருகுகின்றன. வெள்ளி விலை ஏற ஏற, தாத்தாவின் பெட்டியில் கிடக்கும் பழைய காசுகளுக்கு ஆபத்தும் ஏறுகிறது. எடைக்கு விற்றால் உலோகத்தின் விலை மட்டும் கிடைக்கும். காசாக விற்றால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். எனவே தராசில் ஏற்றும் முன் ஒரு நல்ல நாணயக் கண்காட்சியிலோ விவரம் தெரிந்தவரிடமோ காட்டிவிடுவது நல்லது. சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். சேர்த்து வைப்பது குற்றமில்லை, ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் பல காசுகள் புதையல்களாகத்தான் வந்து சேர்ந்தன.

மெட்ராஸ் நாணயச்சாலையிலேயே முகம் முழுதாக அழியாமல் தப்பியதும் உண்டு. 1807-க்குப் பிறகு இயந்திரம் வந்ததும் கம்பெனி பெரிய வெள்ளிக்காசுகள் அடித்தது. அரை வராகன் காசில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். அந்தக் காலத்துப் பெரிய வெள்ளிக்காசுகளில் சிலவற்றை உருக்க நேரமில்லாமலோ பொறுமையில்லாமலோ ஸ்பானியக் காசின் மேலேயே நேரடியாக அடித்துவிட்டார்கள். அச்சு சரியாக விழாத இடத்தில் அடியில் இருந்த காசு எட்டிப் பார்க்கிறது. சேகரிப்பாளர்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்துகளுக்கு நடுவே வேறொரு எழுத்தின் வாலையும், கோடுகளுக்குக் கீழே யாரோ ஒரு ராஜாவின் தாடையையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.